போர்க்கணை சுமந்த அறிவியல்



அண்மையில் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் செயற்கைக்கோள் பற்றிப் பேசிக் கொண்டிருந்தேன். ஒரு மாணவன் எழுந்து, "டீச்சர், ராக்கெட் குண்டு போடத்தானே? அது எப்படிச் செயற்கைக்கோளைக் கொண்டு போகும்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் வரலாற்றின் வேரையே தொட்டுவிட்டான்.

1957 அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் ஒன்றியம் ஏவிய ஸ்புட்னிக்கின் எடை 83.6 கிலோகிராம். அதைச் சுமந்த ஆர்-7, அணுகுண்டைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டு செல்லப் படைக்கப்பட்ட ஏவுகணை. 1958 சனவரி 31இல் அமெரிக்கா ஏவிய எக்ஸ்புளோரர்-1 உம் இராணுவ ஏவுகணையின் வழிவந்த ஊர்தியிலேயே சென்றது. ஆயினும், அதிலிருந்த கருவிதான் புவியைச் சூழ்ந்த கதிர்வீச்சு வளையத்தை உலகுக்குக் காட்டியது. 1960இல் அமெரிக்காவின் கொரோனா உளவுக்கோள் எடுத்த படச்சுருள், வான்குடையில் இறங்கி வந்தபோது விமானத்தால் நடுவானிலேயே பிடிக்கப்பட்டது. வெளியுலகுக்கோ அது 'டிஸ்கவரர்' எனும் அறிவியல் திட்டமாகக் கூறப்பட்டது.

இரண்டுக்கும் ஒரே ஊர்தி ஏன்? கல்லை வேகமாக எறிந்தால் தொலைவில் விழும். நொடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் வேகத்தில், காற்றில்லா உயரத்தில் எறிந்தால் விழுந்துகொண்டே புவியைச் சுற்றி வரும். அவ்வேகத்தைப் பெற ஊர்தி பல அடுக்குகளாகக் கட்டப்படுகிறது. எரிபொருள் தீர்ந்த அடுக்கு கழன்று விழ, எஞ்சியது இலேசாகி விரைகிறது. குண்டுக்கும் கோளுக்கும் தேவைப்படுவது இதுபோன்ற பெருவேகமே.

இந்தியா 1963 நவம்பர் 21இல் கேரளத்தின் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட்டை ஏவியது. அங்கே ஒரு பழைய தேவாலயமே அலுவலகமாக இருந்தது. முதல் செயற்கைக்கோளான ஆரியபட்டா 1975 ஏப்ரல் 19இல் சோவியத் ஊர்தியில் சென்றது. அவ்வூர்தியும் ஓர் ஏவுகணையின் வழித்தோன்றலே.

சொந்த ஊர்தியான எஸ்.எல்.வி-3 இன் திட்ட இயக்குநர் இராமேசுவரத்து அப்துல் கலாம். 1979 ஆகத்து 10இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்த அவ்வூர்தி இரண்டாம் அடுக்கில் கோளாறு ஏற்பட்டு வங்கக் கடலில் வீழ்ந்தது. செய்தியாளர் முன் அத்தோல்விக்குப் பொறுப்பேற்றவர் தலைவர் சதீஷ் தவான். 1980 சூலை 18இல் 35 கிலோகிராம் எடையுள்ள ரோகிணி சுற்றுப்பாதையை அடைந்தபோது, அவர் பேசும்படி கலாமையே அனுப்பினார். ஆசிரியராகிய நமக்கும் இது ஒரு பாடம்.

ஆனால், கதை அங்கு முடியவில்லை. 1989 மே 22இல் சோதிக்கப்பட்ட அக்கினி ஏவுகணையின் முதல் அடுக்கு, எஸ்.எல்.வி-3 இன் முதல் அடுக்கிலிருந்து வந்ததே. மற்ற நாடுகளில் கணை கலமாயிற்று; இந்தியாவில் கலம் கணையாயிற்று.

நம் நாட்டிற்கு வருவோம். 1996 சனவரியில் மியாசாட்-1 தென்னமெரிக்காவின் கூரூவிலிருந்து ஏவப்பட்டது. பினாங்கைப் போலவே அவ்வூரும் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 5 பாகை வடக்கே உள்ளது. புவிச் சுழற்சியின் வேகம் அங்கே பெருந்துணையாகிறது. மைனாவின் மலாய்ப் பெயர் தாங்கிய தியூங்சாட்-1 உம் 2000 செப்டம்பர் 26இல் பைக்கனூரிலிருந்து புறப்பட்டது. அதைச் சுமந்த தினேப்பர் ஊர்தி, பனிப்போர்க் காலத்து அணு ஏவுகணையை மாற்றியமைத்தது. நகரங்களை அழிக்கக் காத்திருந்த கணை, நம் மைனாவைப் பறக்க விட்டது!

மறுநாள் அம்மாணவனிடம், "நீ கேட்டது சரி, தம்பி. ராக்கெட்டுக்கு நல்லது கெட்டது தெரியாது. அதன் தலையில் எதை வைப்பது என்பதை மனிதரே முடிவு செய்கிறார்கள்" என்றேன். "அப்போ நான் கோளையே வைப்பேன், டீச்சர்" என்றான்.

பெற்றோர்களே, பிள்ளை விசித்திரமாகக் கேட்கும் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிடாதீர்கள்.