தகுதிச் சின்னம் (அமெரிக்கச் சாரணர் இயக்கம்)

தகுதிச் சின்னம் என்பது அமெரிக்கச் சாரணர் இயக்கத்தில், ஒரு துறைக்கென வரையறுக்கப்பட்ட பணிகள் அனைத்தையும் செய்து முடித்த சாரணருக்கு வழங்கப்படும் வட்டவடிவத் துணிச் சின்னம். மெரிட் பேட்ஜ் என்ற பெயரில் 1911 முதல் வழக்கிலுள்ளது. முதலுதவி, நீச்சல், சமையல், குழாய்ப் பணி, வானியல், அணு அறிவியல் என 130க்கும் மேற்பட்ட துறைகளில் இன்று இச்சின்னங்கள் உள்ளன. 11 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்கான சாரணர் பிரிவில், ஸ்டார், லைஃப், ஈகிள் ஆகிய மூன்று மேல்நிலைகளை எட்ட இவற்றைப் பெற்றாக வேண்டும். 1910இல் பாய் ஸ்கவுட்ஸ் ஆஃப் அமெரிக்கா எனத் தொடங்கிய இயக்கம் 2019இல் இப்பிரிவில் சிறுமியரையும் சேர்த்துக்கொண்டது. 2025 பிப்ரவரி முதல் ஸ்கவுட்டிங் அமெரிக்கா என்ற பெயரில் இயங்குகிறது.

தோற்றம்

சாரணர் இயக்கத்தை நிறுவிய ராபர்ட் பேடன்-பவல், 1890களின் இறுதியில் இந்தியாவில் 5ஆம் டிராகூன் கார்ட்ஸ் குதிரைப்படைக்குத் தலைமை வகித்தார். அப்போது வேவுப் பயிற்சியில் தேறிய வீரர்களுக்கு மூவிதழ் மலர் வடிவச் சின்னம் அளித்தார். 1907இல் பிரவுன்சீ தீவில் சிறுவர்களுக்காக அவர் நடத்திய முகாமிலும் அதே வடிவம் இடம்பெற்றது. பிரிட்டனில் இயக்கம் பரவியதும் முதலுதவி, சைகைச் செய்தி போன்ற துறைகளுக்குத் தனித்தனிச் சின்னங்கள் உருவாயின.

அமெரிக்க முறைக்கு இன்னொரு வேரும் உண்டு. இயற்கை ஆர்வலரும் எழுத்தாளருமான எர்னஸ்ட் தாம்சன் சீட்டன், 1902இல் கனெக்டிகட் மாநிலத்தில் வுட்கிராஃப்ட் இந்தியன்ஸ் என்ற சிறுவர் அமைப்பைத் தொடங்கியிருந்தார். அதில் ஒருவனை இன்னொருவனோடு மோதவிட்டு முதல்வனுக்கு மட்டும் பரிசு தரும் வழக்கம் கிடையாது. இத்தனை தூரம் நடக்க வேண்டும், இத்தனை மரங்களை இனங்காண வேண்டும் என்று அளவுகள் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். அவற்றை எட்டிய அனைவருக்கும் மரியாதை உண்டு. 1910இல் அமெரிக்கச் சாரணர் இயக்கம் தோன்றியபோது அதன் முதல் தலைமைச் சாரணராகப் பொறுப்பேற்றவர் சீட்டன். போட்டியைத் தவிர்த்து அளவுகோலை முன்வைக்கும் அவருடைய கொள்கையே தகுதிச் சின்ன முறையின் அடித்தளமாக நிலைத்தது.

முதல் 57 சின்னங்கள்

1911இல் வெளியான கையேட்டில் 57 துறைகள் இருந்தன. கொல்லு வேலை, கொத்து வேலை, தேனீ வளர்ப்பு, பால் பண்ணை, கோழி வளர்ப்பு, சுரங்கம், அச்சு, கொம்பு ஊதுதல், விலங்குகளைப் பாடம்செய்தல் ஆகியன அப்பட்டியலில் அடங்கும். ரைட் சகோதரர்கள் முதன்முதலில் பறந்து எட்டு ஆண்டுகளே ஆகியிருந்த நிலையில் விமானவியலும் இடம்பெற்றது. பட்டறையும் பண்ணையும் நிறைந்த அன்றைய அமெரிக்காவையும், அதற்குள் நுழைந்துகொண்டிருந்த மோட்டார் வண்டியையும் மின்சாரத்தையும் இந்தப் பட்டியலில் ஒருசேரக் காணலாம்.

அந்த 57இல் ஒன்றான கண்டுபிடிப்புச் சின்னத்தின் விதி அசாத்தியமானது: பயனுள்ள ஒரு பொருளைச் சிறுவன் கண்டுபிடித்து, அதற்குக் காப்புரிமையும் பெற்றிருக்க வேண்டும். வெகு சிலரே இதை நிறைவேற்றினர். சில ஆண்டுகளிலேயே சின்னம் கைவிடப்பட்டது. காப்புரிமைக் கட்டாயம் இல்லாத புதிய வடிவில் அது 2010இல் மீண்டும் வந்தது.

தொடக்கத்தில் லைஃப் நிலைக்கு முதலுதவி, தடகளம், உயிர்காத்தல், தனிநபர் நலவாழ்வு, பொதுச் சுகாதாரம் ஆகிய ஐந்து சின்னங்கள் தேவைப்பட்டன. உச்ச நிலையான ஈகிளுக்கு 21 சின்னங்கள். நியூயார்க் மாநிலத்தின் ராக்வில் சென்டரைச் சேர்ந்த ஆர்தர் எல்ட்ரெட் 1912இல் முதல் ஈகிள் சாரணரானார். முன்னுதாரணம் இல்லாததால் சீட்டன் உள்ளிட்ட தேசியத் தலைவர்களே அவரை நேரில் அழைத்து விசாரித்தனர்.

சின்னம் பெறும் முறை

சாரணர் முதலில் துறையைத் தேர்ந்து, தம் சாரணர் படையின் சாரண ஆசிரியரிடம் பேசி, நீல அட்டை எனப்படும் விண்ணப்பத்தில் கையொப்பம் பெறுகிறார். அடுத்து அத்துறைக்கெனப் பதிவுசெய்யப்பட்ட ஆலோசகர் ஒருவரை நாட வேண்டும். ஆலோசகர் 18 வயது நிறைந்தவராகவும், அத்துறையைத் தொழிலாலோ ஈடுபாட்டாலோ அறிந்தவராகவும் இருப்பார். அவருக்கு ஊதியம் இல்லை. முதலுதவிக்கு ஒரு செவிலியரும் குழாய்ப் பணிக்கு ஒரு பிளம்பரும் ஆலோசகராக இருக்கலாம். அறிமுகமில்லாத பெரியவர் ஒருவரைத் தாமே தொடர்புகொண்டு, நேரம் கேட்டு, செய்ததை விளக்கிச் சொல்வதும் பயிற்சியின் ஒரு பகுதியாகவே கருதப்படுகிறது. சிறுவர் பாதுகாப்பு விதிகளின்படி ஆலோசகரும் சாரணரும் தனியே சந்திக்கக் கூடாது. நண்பரோ பெற்றோரோ உடனிருக்க வேண்டும்.

ஒவ்வொரு துறைக்கும் பாடநூலாக ஒரு சிறுநூல் உண்டு. அதிலுள்ள தேவைகளில் ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ ஆலோசகருக்கு அதிகாரம் இல்லை. வினைச்சொற்கள் எழுத்துப்படியே பொருள்கொள்ளப்படும். ‘செய்து காட்டு’ என்றிருந்தால் வாயால் விளக்குவது போதாது. ‘விளக்கு’ என்றிருந்தால் எழுதித் தரும்படி வற்புறுத்தவும் முடியாது. பாதியில் நின்றுபோன பணி, சாரணருக்கு 18 வயதாகும்வரை செல்லும். அதற்குள் வேறோர் ஆலோசகரிடமும் தொடரலாம். எல்லாம் முடிந்ததும் ஆலோசகர் கையொப்பமிடுவார். அதன்பின் அத்துறையில் மறுதேர்வு வைக்க யாருக்கும் உரிமையில்லை. நிலை உயர்வுக்கான மதிப்பீட்டுக் குழுவும் இதற்கு விலக்கன்று.

நிலைகளும் கட்டாயத் துறைகளும்

ஸ்டார் நிலைக்கு 6, லைஃப் நிலைக்கு 11, ஈகிளுக்கு 21 சின்னங்கள் தேவை. முந்தைய நிலையில் பெற்றவையும் இந்த எண்ணிக்கையில் சேரும். ஈகிளுக்குரியவற்றில் பெரும்பகுதி கட்டாயப் பட்டியலிலிருந்து வர வேண்டும். முதலுதவி, சமையல், முகாம் வாழ்க்கை, உடற்தகுதி, சொந்த நிதி மேலாண்மை, குடும்ப வாழ்க்கை, தொடர்பாடல், ஊர்–நாடு–உலகக் குடியுரிமை ஆகியவை அதில் உள்ளன. நீச்சல், நெடுநடை, மிதிவண்டி ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று போதும். நெருக்கடிக்கு ஆயத்தமாதலுக்கும் உயிர்காத்தலுக்கும் இடையிலும், சுற்றுச்சூழல் அறிவியலுக்கும் நீடித்த வளப் பயன்பாட்டுக்கும் இடையிலும் அவ்வாறே ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். 21 சின்னங்களுடன், ஊருக்குப் பயன்படும் சேவைத் திட்டம் ஒன்றைத் தலைமையேற்று நடத்துவதும் ஈகிளுக்குக் கட்டாயம்.

கட்டாயத் துறைகள் பலவற்றை அவசரமாக முடித்துவிட முடியாதபடி காலமே நிபந்தனையாக வைக்கப்பட்டுள்ளது. முகாம் வாழ்க்கைக்கு மொத்தம் 20 இரவுகள் முகாமில் தங்க வேண்டும். உடற்தகுதிக்கு 12 வாரப் பயிற்சித் திட்டம். நிதி மேலாண்மைக்கு 13 வாரம் வரவு செலவு எழுதிவர வேண்டும். குடும்ப வாழ்க்கைக்கு 90 நாள் வீட்டு வேலைகளைப் பொறுப்பேற்றுச் செய்து குறித்து வைக்க வேண்டும். மாறாக, மிதிவண்டித் துறையில் 50 மைல் தூரத்தை 8 மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும்.

நிரந்தர உடற்குறையோ மனவளர்ச்சிக் குறையோ உள்ள சாரணருக்கும் தேவைகள் தளர்த்தப்படுவதில்லை. அவரால் இயலாத கட்டாயத் துறைக்கு ஈடாக வேறொரு துறையை முன்னனுமதியுடன் எடுத்துக்கொள்ள இடமுண்டு.

தோற்றமும் அணியும் முறையும்

முதல் இருபது ஆண்டுகளில் சின்னங்கள் சதுரத் துணியில் தைக்கப்பட்டன. பின்னர் வட்ட வடிவம் நிலைத்தது. காக்கி நிறத் துணியில் துறையைக் குறிக்கும் படம் பூவேலையாக இருக்கும். ஈகிளுக்குக் கட்டாயமானவை வெள்ளி நிற விளிம்பும், மற்றவை பச்சை விளிம்பும் கொண்டவை. தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காக விழும் பட்டையில் இவற்றைத் தைத்து, விழாக்களின்போது சீருடைக்கு மேல் அணிவர்.

காலந்தோறும் மாற்றங்கள்

பழைய துறைகள் நீங்குவதும் புதியவை சேர்வதும் இடையறாது நடந்துவருகிறது. அணு ஆற்றல் 1963இல் சேர்ந்து 2005இல் அணு அறிவியல் எனப் பெயர் மாறியது. விண்வெளி ஆய்வு 1965இலும், கணினி 1967இலும், ரோபாட்டிக்ஸ் 2011இலும் வந்தன. கணினியின் இடத்தை 2014இல் டிஜிட்டல் தொழில்நுட்பம் பிடித்தது. பயிர், கால்நடை சார்ந்த தனித்தனிச் சின்னங்கள் பல 1970களில் தாவர அறிவியல், விலங்கு அறிவியல் என்ற இரண்டுக்குள் அடங்கின. தேனீ வளர்ப்பு 1995இல் நீக்கப்பட்டது. சமையல் 2014 முதல் ஈகிளுக்கு மீண்டும் கட்டாயமானது. நூற்றாண்டு நிறைவான 2010இல் மட்டும் தச்சு, வழிகாணல், சைகைச் செய்தி, தடங்காணல் ஆகிய பழைய சின்னங்கள் ஓராண்டுக்கு உயிர்பெற்றன.

மிகப் பெரிய மாற்றம் 1972இல் நிகழ்ந்தது. நகரச் சிறுவர்களை ஈர்க்கும் நோக்கில் முகாம் வாழ்க்கையும் சமையலும் கட்டாயப் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டன. ஈகிளுக்கான எண்ணிக்கை 24 ஆக உயர்ந்தது. காட்டுக்கே போகாமல் உச்ச நிலையை எட்ட முடியும் என்ற நிலை இயக்கத்தினுள் கடும் அதிருப்தியைக் கிளப்பியது. ஓய்விலிருந்த மூத்த சாரண எழுத்தாளர் வில்லியம் ஹில்கோர்ட் திரும்பி வந்து 1979இல் புதிய கையேடு எழுதினார். முகாம் வாழ்க்கை மீண்டும் கட்டாயமாயிற்று. எண்ணிக்கையும் 21க்குத் திரும்பியது.

விமர்சனம்

கோடை முகாம்களிலும் ஒருநாள் வகுப்புகளிலும் பலருக்கு ஒரே நேரத்தில் பாடம் நடத்திச் சின்னம் வழங்கும் வழக்கம் நெடுங்காலமாகக் கண்டிக்கப்படுகிறது. ஒவ்வொரு சாரணரும் ஒவ்வொரு தேவையையும் தாமே நிறைவேற்றினாரா என்பதைப் பெருங்கூட்டத்தில் சோதிப்பது கடினம். குழு வகுப்பை இயக்கத்தின் விதிகள் தடைசெய்யவில்லை. ஆனால் கூட்டத்தில் உட்கார்ந்திருந்ததையே தேர்ச்சியாகக் கொள்ளக் கூடாது என்கின்றன.

பிற நாடுகளில்

சின்னத்தின் அளவுகோல் பற்றி இரு மரபுகள் உள்ளன. திறன் எந்த அளவை எட்டியது என்பதைவிடச் சிறுவன் எவ்வளவு முயன்றான் என்பதே முக்கியம் எனப் பேடன்-பவல் கருதினார். அதனால் மந்தமாகக் கற்பவனும் உழைப்பின் பேரில் சின்னம் பெறலாம். சீட்டன் வழிவந்த அமெரிக்க முறையோ எல்லாருக்கும் ஒரே அளவை வைத்து, அதை எட்ட 18 வயதுக்குள் எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டாலும் அனுமதிக்கிறது.

இந்தியாவில் 1950 நவம்பர் 7 அன்று உருவான பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் தனித்திறன் சின்னங்கள் படிநிலைகளோடு இணைக்கப்பட்டுள்ளன. நுழைவு நிலையான பிரவேஷ் முடித்த மாணவர் பிரதம சோபான், துவிதிய சோபான், திரிதிய சோபான் எனப் படிப்படியாக உயர்ந்து, மாநில ஆளுநர் வழங்கும் ராஜ்ய புரஸ்காரையும், அதன்பின் குடியரசுத் தலைவரின் பெயரிலான ராஷ்டிரபதி விருதையும் பெறலாம். அமெரிக்கச் சாரணர் படைகள் பெரும்பாலும் தேவாலயங்களையும் ஊர்ச் சங்கங்களையும் சார்ந்து இயங்குகின்றன. தமிழ்நாட்டில் இயக்கம் முதன்மையாகப் பள்ளிகளில் வேரூன்றியிருப்பதால், சாரண ஆசிரியராகப் பயிற்சி பெற்ற பள்ளி ஆசிரியரே மாணவரைச் சின்னத் தேர்வுகளுக்கு ஆயத்தப்படுத்துகிறார்.