இரவு வகுப்பின் ஆசிரியர்

பால்மரம் வெட்டத் தெரிந்தவரெல்லாம் பிறருக்கு வெட்டக் கற்றுக்கொடுத்துவிட முடியுமா? பட்டையில் காயம் விழும். ஆங்கிலம் கற்பிப்பதும் அப்படித்தான்.

சிராங்கூன் சாலைக் கடைகளில் தமிழ் பேசியே காலம் தள்ளலாம். துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் முடியாது. ஆகவே, சிங்கப்பூரில் 1960இல் முதியோர் கல்வி வாரியம் அமைந்தபின், பகலெல்லாம் உழைத்தவர்கள் மாலையில் பள்ளிக்கூடம் போனார்கள். நாற்பது வயதுக்காரரிடம் பூனை, பந்து என்று பாடம் தொடங்கினால் கூச்சம் வராதா? அவருக்கு வேண்டியது சம்பளச் சீட்டும் எச்சரிக்கைப் பலகையும் படிக்கத் தெரிவது. பாதியில் நின்றவரைச் சோம்பேறி என்பதை நாம் ஏற்பதில்லை.

இதற்கென ஆசிரியருக்கும் பயிற்சி வேண்டுமல்லவா? 1962இல் லண்டனில் ஜான் ஹேகிராஃப்ட் ஒரு குறுகிய காலப் பயிற்சியைத் தொடங்கினார். அவ்வழி வந்ததே இன்றைய கேம்பிரிட்ஜ் சான்றிதழ். பயிற்சி பெறுபவர் வளர்ந்த மாணவர்முன் நின்று பாடம் நடத்துவார். மூத்தவர் பின்வரிசையில் அமர்ந்து பிழைகளைக் குறிப்பார். புதிய மரம்வெட்டிக்குப் பக்கத்தில் நின்று கத்தியைத் திருத்துவது போலத்தான்.

1968இல் சிங்கப்பூரிலேயே வட்டார ஆங்கில மொழி நிலையம் தோன்றியது. மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து ஆசிரியர்கள் வந்து பயின்றார்கள். தொடக்கப் பள்ளியை முடிக்காத தொழிலாளருக்கு ஆங்கிலமும் கணக்கும் கற்பிக்கும் 'பெஸ்ட்' திட்டம் 1983இல் வந்தது.