மூடி மேல ஒரு படம்: எல்லையோரத்து லேப்டாப் கதை

ஒரு லேப்டாப் வாங்கணும்னா நாம என்ன பண்ணுவோம்? ரேம் எவ்வளவு, என்ன கலர், என்ன விலைன்னு பார்த்து நாமளே தேர்ந்தெடுப்போம். ஆனா தமிழ்நாட்டுல லட்சக்கணக்கான பேரோட முதல் லேப்டாப்பை அவங்க தேர்ந்தெடுக்கல. ஒரு அரசு டெண்டர் தேர்ந்தெடுத்தது.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். கொள்முதல் செய்தது எல்காட். மூடி மேல முதலமைச்சர் படம். உள்ளே ரெண்டு ஆபரேட்டிங் சிஸ்டம்: விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், கூடவே சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. ஸ்டார்ட்டர் பதிப்புல வால்பேப்பரை மாத்துற வசதியைக்கூட மைக்ரோசாஃப்ட் தரல. விலை குறைஞ்ச பதிப்பு, வசதியும் குறைவு. அதே லேப்டாப்ல இருந்த பாஸ் லினக்ஸ்ல வால்பேப்பரை மாத்தலாம், மெனுவைத் தமிழ்ல வச்சுக்கலாம், மூல நிரலையே திறந்து பார்க்கலாம். அப்படி ஒரு கதவு இருக்குன்னு பசங்களுக்கு யார் சொல்லணும்? அதை டெண்டர்ல எழுத முடியாதே!

இப்போ நீலகிரியில இருக்கிற தேவர்சோலைக்கு வாங்க. கூடலூர்ல இருந்து சுல்தான் பத்தேரி போற வழி. சுத்திலும் தேயிலைத் தோட்டம், கடைத்தெருவுல தமிழும் மலையாளமும் கலந்து கேட்கும். கொஞ்ச தூரத்துல கேரள எல்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் கதை வேற. 2001இல் தொடங்கிய 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம், பள்ளிகளுக்காகவே ஒரு லினக்ஸைத் தயார் செய்தது. ஆசிரியர்களுக்கு அதுல பயிற்சி, பசங்களுக்கு அதுலயே பாடம், பரீட்சை. பிறகு 45,000 வகுப்பறைகளுக்கு லேப்டாப்பும் புரொஜெக்டரும் வந்தன. ஆனா அந்த லேப்டாப் பள்ளியோட சொத்து. சாயங்காலம் பூட்டிட்டுப் போயிடுவாங்க.

இந்தப் பக்கம் லேப்டாப் வீட்டுக்கே வந்தது. கொழுந்து பறிக்கிற அம்மாவோட வீட்டுல அது வெறும் படிப்புச் சாமான் இல்லை. அந்தக் குடும்பம் தொட்ட முதல் கம்ப்யூட்டரா இருந்திருக்கலாம். அதைச் சாதாரணமா நினைக்க முடியாது. அங்கே கத்துக்கொடுத்தாங்க, கையில கொடுக்கல. இங்கே கையில கொடுத்தாங்க, கத்துக்கொடுக்கிறதை அவ்வளவா யோசிக்கல.

2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மறுபடியும் அறிவிப்பு வந்தது. மூடி மேல யார் படம்னு சண்டை போடறது இருக்கட்டும். உள்ளே இருக்கிறதை யார் சொல்லித் தரப்போறாங்கன்னு முதல்ல கேட்போம்.