குறைந்த திறன் கார்களில் டிரிஃப்டிங்: பின்டயர் தேர்வு

டிரிஃப்டிங் என்பது வளைவில் காரின் பின்சக்கரங்களை வேண்டுமென்றே பிடிப்பிழக்கச் செய்து, முன்சக்கரங்களை எதிர்த்திசையில் ஒடித்து, வண்டியைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டபடியே ஓட்டும் முறை. 1970களில் ஜப்பானியப் பந்தய ஓட்டுநர் குனிமித்ஸு தகாஹாஷியின் பாணியிலிருந்து இது கிளைத்தது. அவரைப் பார்த்து வளர்ந்த கெய்ச்சி ட்ஸுச்சியா மலைப்பாதைகளில் இதைப் பழகிப் பரப்பினார். அவர் பெயரோடு சேர்ந்தே நிலைத்துவிட்ட கார், 1983 முதல் 1987 வரை தயாரான டொயோட்டா ஏஇ86. அதன் 1.6 லிட்டர் எஞ்சினின் திறன் 130 குதிரைத்திறன்தான். இன்றைய போட்டிக் கார்கள் பலவற்றில் அதைப்போல ஐந்து, ஆறு மடங்கு திறன் இருக்கிறது.

இந்த வேறுபாடு டயர் தேர்வைத் தலைகீழாக்கிவிடுகிறது. திறன் மிகுந்த காருக்குப் பின்னால் நன்றாக ஒட்டும் டயர் வேண்டும். இல்லையேல் அத்தனை திறனும் புகையாகப் போகும். குறைந்த திறன் காருக்கோ எஞ்சின் தொடர்ந்து சுழற்றக்கூடிய அளவுக்கு மட்டுமே பிடிப்புள்ள டயர் வேண்டும். போட்டிக் காரைப் பார்த்து அதே டயரை வாங்கி மாட்டுவது புதியவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம்.

எஞ்சினும் பிடிப்பும்

தோராயமாகக் கணக்கிட்டாலே விஷயம் விளங்கும். ஏஇ86 ஏறத்தாழ 950 கிலோ எடையுள்ளது. ஓட்டுநரையும் சேர்த்தால் பின் அச்சின்மீது சுமார் 480 கிலோ விழுகிறது. காய்ந்த தார்ச்சாலையில் கடினமான சாதாரண டயரின் உராய்வுக் கெழு 0.8 என்று வைத்தால், பின்டயர்கள் இரண்டும் சேர்ந்து 3,800 நியூட்டன் அளவுக்குப் பிடித்து நிற்கும். எஞ்சினின் உச்ச முறுக்குவிசை, கியர்ப்பெட்டி இழப்பு போக, இரண்டாம் கியரில் சக்கரத்தைச் சேரும்போது சுமார் 3,900 நியூட்டன். சரிக்குச் சரி. பந்தயத்துக்கென்றே செய்த ஒட்டும் டயரில் கெழு 1.1 ஆனால் பிடிப்பு 5,000 நியூட்டனைத் தாண்டிவிடும். எஞ்சின் அதை எட்டாது, சறுக்கல் பாதியிலேயே நின்று வண்டி நேராகிவிடும்.

மூன்றாம் கியரில் சக்கரத்துக்குக் கிடைப்பது 2,700 நியூட்டன் அளவில்தான். ஆனாலும் மூன்றாம் கியரில் டிரிஃப்ட் நடக்கிறது. வண்டி ஏற்கெனவே பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்தால் டயரின் பிடிப்பில் பெரும்பங்கு அத்திசையில் செலவாகிவிடும். மிச்சத்தை மட்டுமே எஞ்சின் வென்றால் போதும். ஆகவே குறைந்த திறன் காரில் சறுக்கலைத் தொடங்கிவைப்பது எஞ்சின் அல்ல, ஓட்டுநரின் கைகால்கள்: வேகமாக நுழைதல், ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டி எடையை வீசுதல், ஹேண்ட்பிரேக், கிளட்சை மிதித்து எஞ்சின் சுற்றை ஏற்றிச் சட்டென விடுதல். டயர் அந்தச் சறுக்கலைக் கலைக்காமல் இருந்தாலே போதும்.

அளவு

அகலத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள், விட்டத்தை மறந்துவிடுவார்கள். ஏஇ86-இன் உயர்ரக வகைகளுக்கும், 1989-இல் வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காருக்கும் உரிய 185/60R14 டயரின் விட்டம் 578 மில்லிமீட்டர். அழகுக்காக 16 அங்குல ரிம் போட்டு 205/55R16 மாட்டினால் விட்டம் 632 மில்லிமீட்டர் ஆகிவிடும். 9 சதவீதத்துக்கும் மேல் கூடுகிறது. சக்கரத்தின் தள்ளுவிசை கிட்டத்தட்ட அதே விகிதத்தில் குறைகிறது. போதாதென்று ரிம்மின் எடையும் ஏறிவிடும். கிளட்சை விடும்போது சக்கரம் உடனே சுழலாது. மாறாக 185/55R14 டயரின் விட்டம் 559 மில்லிமீட்டர். கியர்ப்பெட்டியைத் தொடாமலே 3 சதவீதம் விசை கூடும்.

அகலம் குறைந்தால் அதே எடை சிறிய பரப்பில் அழுந்தும். ரப்பரில் அழுத்தம் கூடக்கூட உராய்வுக் கெழு சற்றுக் குறையும் என்பதால், ஒல்லியான டயர் எளிதில் பிடிப்பை விடும். குறுகிய டயரை அகலமான ரிம்மில் இழுத்து மாட்டும் பழக்கமும் ஜப்பானில் உண்டு. அளவு மீறினால் டயரின் விளிம்பு ரிம்மைவிட்டுக் கழன்றுகொள்ளும் என்பதால் புதியவர்களுக்கு அது வேண்டாத வேலை.

ரப்பரும் காற்றும்

அமெரிக்காவில் விற்கும் கார் டயர்களின் பக்கச்சுவரில் தேய்மான எண் ஒன்று அச்சிட்டிருக்கும். சோதனை டயரை 100 என்று வைத்து அளந்த ஒப்பீடு இது. விளையாட்டு டயர்களில் பெரும்பாலும் 200. சிக்கனமான சாலை டயர்களில் 400-க்கு மேல். எண் கூடினால் ரப்பர் கடினம் என்று பொதுவாகக் கொள்ளலாம். ஆனால் இந்த எண்ணைத் தருவது அந்தந்த நிறுவனமே, பிடிப்பை அது நேரடியாக அளப்பதுமில்லை. இரு நிறுவனங்களின் 400 ஒன்றல்ல. பக்கத்திலேயே வெப்பத்தைத் தாங்கும் தரம் ஏ, பி, சி என்று இருக்கும். டிரிஃப்டிங்கில் கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதே பின்சக்கரம் 80, 90-இல் சுழலலாம். எனவே சி தரத்தைத் தவிர்ப்பது நல்லது.

பழைய டயர் மலிவு. ரப்பர் இறுகியிருப்பதால் எளிதில் வழுக்கவும் செய்யும். வாங்குமுன் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் பார்க்க வேண்டும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத் தயாரிப்பு. டயரை விரலால் அழுத்தி வளைக்கும்போது பள்ளங்களின் அடியில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் விலை எதுவானாலும் வேண்டாம். சூடேறியதும் டிரெட் பட்டையாகப் பிரிந்து சக்கரவளைவுத் தகட்டையே கிழித்துவிடும். ரீட்ரெட் டயருக்கும் இதே ஆபத்து உண்டு.

காற்றை 40 பவுண்டு வரை ஏற்றித் தரையில் படும் பரப்பைக் குறைப்பது பரவலான உத்தி. சில சுற்றுகளில் டயர் சூடாகி அழுத்தம் தானாகவே மேலும் ஏறும். அதனால் இடையிடையே அளந்து பார்க்க வேண்டும். குளிர்ந்த நிலையில் ஏற்றும் காற்று, டயரில் பொறித்துள்ள உச்ச வரம்பைத் தாண்டக்கூடாது. அதிகக் காற்றில் டயரின் நடுப்பட்டை மட்டும் மொட்டையாகும். பிடிப்பும் முன்னறிவிப்பின்றிச் சட்டென விட்டுப்போகும். வழுக்குவது மட்டும் போதாது, எப்போது வழுக்கும் என்று ஓட்டுநருக்குத் தெரிய வேண்டும்.

அதனால்தான் இடமும் வலமும் ஒரே நிறுவனம், ஒரே வகை, ஏறக்குறைய ஒரே தேய்மானம் கொண்ட டயர்களாக இருக்க வேண்டும். எஞ்சின் விசையை இரு சக்கரங்களுக்கும் பகிரும் எல்.எஸ்.டி. இல்லாத காரில் உள்பக்கச் சக்கரம் மட்டும் வீணே சுழலும். எந்த டயரும் அதைச் சரிசெய்யாது.

வண்டி சறுக்கும்போதும் திசையைக் காப்பது முன்டயர்கள்தான். மிச்சப்படும் பணத்தை அங்கே போட வேண்டும். பழகுபவருக்கு, தொழிற்சாலை கொடுத்த அளவிலேயே சிக்கனமான கடின டயரைப் பின்னாலும், 200 எண்ணுள்ள நல்ல டயரை முன்னாலும் போடுவது போதும். இரண்டு அளவுகளுக்கு நடுவே தயக்கம் வந்தால், எடை தாங்கும் குறியீடு காருக்குப் பொருந்தும்வரை, விட்டம் சிறியதை எடுப்பதே சரி.