மார்ச் 17: யாருடைய நாள்?

கலாசாரம் ஊரில் விளைகிறது, வெளியேறுகிறவன் அதில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு போகிறான் என்ற எண்ணம் நம்மிடையே கேள்வியில்லாமல் உலவுகிறது. ஐரிஷ்காரர்களின் ஸெயின்ட் பாட்ரிக் தினத்தின் சரித்திரம் இதைத் தலைகீழாக்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அயர்லாந்தில் அது நெடுங்காலம் தவக்காலத்தின் நடுவே வரும் ஒரு சிறிய திருநாள். ஷாம்ராக் இலையைச் செருகிக்கொண்டு பூசைக்குப் போவது, கொஞ்சம் குடிப்பது, அவ்வளவுதான். ஊர்வலம் பிறந்தது அந்நிய மண்ணில். ஃப்ளோரிடாவின் ஸெயின்ட் அகஸ்டின் என்ற ஸ்பானியக் குடியேற்றத்தில் 1601-இல் இப்புனிதருக்கு ஊர்வலம் நடந்திருப்பதைச் சமீபத்தில் ஒரு சரித்திர ஆசிரியர் கண்டெடுத்தார். அவருக்குத் தடயம் கொடுத்தது பீரங்கிகளுக்குச் செலவான வெடிமருந்துக் கணக்கு. பாஸ்டனில் 1737-இல் இதே நாளில் தர்ம சங்கம் அமைத்த ஐரிஷ் கனவான்கள் புராட்டஸ்டண்டுகள். கத்தோலிக்கர்களுக்கு முதலில் அதில் இடமில்லை. நியூயார்க்கில் 1762-இல் நடந்தவர்கள் பிரிட்டிஷ் படையில் சேவகம் செய்த ஐரிஷ்காரர்கள். 1845-இல் தொடங்கிய பஞ்சம் சுமார் பத்து லட்சம் பேரைக் கொன்றது. அதற்கும் அதிகமானவர்களைக் கப்பலேற்றியது. அதன்பின் அமெரிக்க நகரங்களில் ஊர்வலம் பக்தியைவிட ஓட்டுப் பலத்தைக் காட்டியது. விட்டு வந்த ஊரை நோக்கியல்ல, வந்து சேர்ந்த ஊரின் முகத்துக்கு நேராக அவர்கள் நடந்தார்கள்.

ஊர் பின்னால் வந்தது. அயர்லாந்தில் அன்று பொது விடுமுறை 1903-இல்தான். கொடுத்தது பிரிட்டிஷ் பாராளுமன்றம். சட்டத்தின் பெயர் வங்கி விடுமுறைச் சட்டம். (வங்கியில் பேரேட்டோடு காலம் தள்ளுகிற எனக்கு இதில் தனி ருசி.) டப்ளினில் அரசாங்க ஊர்வலம் 1931-இல். சுதந்திர அயர்லாந்து அன்றைக்கு மதுக்கடைகளை மூடி வைத்தது. 1960-இல்தான் சட்டத்தைத் தளர்த்தியது. 1996-இல் டப்ளின் பெரிய விழாவே எடுத்தது. புலம்பெயர்ந்தவர்கள் செய்த சரக்கைத் தாய்நாடு இறக்குமதி செய்துகொண்டது.

இதோடு நிறுத்தினால் இது ஒரு சுகமான கதை. கரிபியக் கடலில் மான்ட்ஸெராட் என்ற சிறு தீவு நம்மை அப்படி விடுவதில்லை. பதினேழாம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய ஐரிஷ் கத்தோலிக்கர்களில் பலர் ஒப்பந்தக் கூலிகள். பின்னர் ஐரிஷ்காரர்களில் சிலர் கரும்புத் தோட்ட முதலாளிகளானார்கள், ஆப்பிரிக்க அடிமைகளை வாங்கினார்கள். 1768 மார்ச் 17-ஐ அந்த அடிமைகள் கலகத்துக்குத் தேர்ந்தார்கள். எஜமானர்கள் அன்று விருந்திலும் போதையிலும் இருப்பார்கள் என்பது கணக்கு. ரகசியம் கசிந்தது. தலைவர்களைக் கொன்றார்கள்.

மான்ட்ஸெராட் 1985-இல் அந்நாளைப் பொது விடுமுறையாக்கியது, புனிதரையும் கலகத்தையும் சேர்த்து நினைக்க. 1995-இல் எரிமலை வெடித்தது. தலைநகரம் சாம்பலில் புதைந்தது, ஜனங்களில் பாதிக்கும் மேல் வெளியேறினார்கள். இன்று மார்ச் மாதத்தில் இங்கிலாந்திலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் பலர் தீவுக்குத் திரும்பி வந்து அவ்வாரத்தைக் கொண்டாடுகிறார்கள். அடிமைகளின் சந்ததிக்கு எஜமானனின் திருநாள் சொந்த மரபாகிவிட்டது.

வெளிநாட்டில் பண்டிகை கொண்டாடுகிறவனை வேரைத் தேடுகிறவன் என்று உருகுவதும், போலி என்று ஒதுக்குவதும் எனக்கு ஒன்றாகவே படுகின்றன. இரண்டும் மரபை ஊரிலேயே வைத்துப் பூட்டுகின்றன. கேட்க வேண்டியது வேறு: அவன் கொண்டாடும்போது விருந்து பரிமாறியவர்கள் யார், அவர்கள் அந்த நாளை என்னவாக எண்ணினார்கள்? மான்ட்ஸெராட் இதைக் கேட்டுத் தன் நாட்காட்டியிலும் எழுதிவைத்திருக்கிறது.