குற்றச்சாட்டும் காப்பும்: ஃபஜார் வழக்கு முதல் 1988 வரை

முன்னுரை

அரசியல் கருத்தை அமைதியான வழியில் வெளியிட்டுச் சிறைப்பட்ட மருத்துவர், வழக்கறிஞர் முதலியோரைப் பற்றி எழுதுவோர் அவர்தம் மனவுறுதியையே பெரிதும் போற்றுவர். அவர்களுக்காக வாதாட வழி இருந்ததா என்னும் வினா அத்துணை எழுப்பப்படுவதில்லை. குற்றச்சாட்டு என்பது கைதானவருக்கு எதிரான கருவி மட்டுமன்று, அவருக்குரிய முதற்காப்பும் அதுவே என்பதைச் சிங்கப்பூர், மலேசிய வரலாற்றின்வழி நிறுவ இக்கட்டுரை முற்படுகிறது.

ஃபஜார் வழக்கு

சிங்கப்பூரில் அமைந்திருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1953ஆம் ஆண்டு சோசலிச மன்றம் தோன்றியது. மலாய் மொழியில் விடியல் எனப் பொருள்படும் 'ஃபஜார்' அம்மன்றத்தின் இதழாகும். மேற்கத்திய வல்லரசுகள் ஆசியாவில் அமைக்க முனைந்த படைக் கூட்டணியை 1954 மே மாத இதழின் தலையங்கம் கண்டித்தது. அதனையடுத்து ஜேம்ஸ் புதுச்சேரி, பூ சூ காய், எம்.கே. ராஜகுமார், பி. அருட்சோதி, எட்வின் தம்பு உள்ளிட்ட மாணவர் எண்மர் மீது காலனித்துவ அரசு தேச நிந்தனைக் குற்றம் சாட்டியது. இங்கிலாந்திலிருந்து வந்த டி.என். பிரிட் அவர்களுக்காக வாதாடினார். இளம் வழக்கறிஞராயிருந்த லீ குவான் இயூ அவருக்குத் துணை நின்றார். 1954 ஆகஸ்டு 25ஆம் நாள் நீதிபதி எஃப்.ஏ. சுவா எண்மரையும் விடுவித்தார்.

இவ்வெற்றி வாதத்திறமையால் மட்டும் விளைந்ததன்று. குற்றமெனக் காட்டப்பட்ட எழுத்து அனைவர் கண்முன்னும் இருந்தது. அதில் நிந்தனை உண்டென மெய்ப்பிக்கும் கடமை அரசைச் சார்ந்திருந்தது. முடிவுகூற அரசினின்றும் வேறான ஒருவர் அமர்ந்திருந்தார். இம்மூன்றும் அமைந்தமையால், கைதாகி மூன்று திங்களுக்குள் மாணவர்கள் விடுதலை பெற்றனர்.

வழக்கில்லாத சிறை

1963 பிப்ரவரி 2ஆம் நாள் 'கோல்ட்ஸ்டோர்' நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதாயினர். பிரிட்டன், மலாயா, சிங்கப்பூர் ஆகிய மூன்று அரசுகளும் இடம்பெற்ற உள்நாட்டுப் பாதுகாப்பு மன்றமே அதற்கான முடிவை எடுத்தது. அப்போது லீ குவான் இயூ சிங்கப்பூரின் பிரதமர். கைதானோருள் ஜேம்ஸ் புதுச்சேரியும், மருத்துவர்களாகிவிட்ட பூ சூ காய், லிம் ஹோக் சியூ ஆகியோரும் அடங்குவர். கம்யூனிஸ்டுகளின் சதியை முறியடிக்கவே இந்நடவடிக்கை என்று அரசு கூறியது. கைதானோர் அதனை மறுத்தனர். வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு நிலவுகிறது. எவர் கூற்று மெய்யென நீதிமன்றத்தில் சோதித்தறிய வாய்ப்பே தரப்படவில்லை என்பதில் மட்டும் ஐயமில்லை.

1973இல் விடுவிக்கப்பட்ட பூ சூ காய் 1976இல் மீண்டும் கைதாகி 1982 வரை அடைபட்டிருந்தார். அவர் சிறையிற் கழித்தவை ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள். லிம் ஹோக் சியூ 1963 முதல் 1982 வரை தொடர்ந்து தடுப்பில் இருந்தார். அரசியலைத் துறப்பதாக அறிக்கை தருமாறு தம்மிடம் கேட்கப்பட்டதையும், அதற்குத் தாம் இணங்க மறுத்ததையும் அவர் 1972இல் வெளிப்படுத்தினார். நீதிமன்றம் ஒருவர் செய்த செயலைப் பற்றிக் கேட்கும். இங்கோ அவர் இனிக் கொள்ளப்போகும் கருத்தைப் பற்றிக் கேட்கப்பட்டது. மெய்ப்பிக்கும் சுமை அரசிடமிருந்து கைதியின் தோளுக்கு மாறிவிட்டது. இத்தகைய வினாவுக்கு எந்த வழக்கறிஞரும் விடையளிக்க இயலாது.

காப்போரும் கைதியாதல்

மலேசியாவில் 1987 அக்டோபரில் நிகழ்ந்த 'ஓப்ஸ் லாலாங்' நடவடிக்கையில் வழக்கறிஞரும் நாடாளுமன்ற உறுப்பினருமான கர்ப்பால் சிங் கைதானார். அவர்மீது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று உண்மைக்குப் புறம்பானது எனக் கண்ட ஈப்போ உயர்நீதிமன்றம், ஆட்கொணர்வு மனுவை ஏற்று 1988 மார்ச் 9ஆம் நாள் அவரை விடுவித்தது. அன்றே அவர் மீண்டும் கைதாகி, 1989 ஜனவரியில்தான் வெளிவந்தார். காரணம் எழுத்தில் தரப்பட்டமையால்தான் அதன் பிழையைக் காட்ட முடிந்தது என்பது கருதத்தக்கது. எனினும் தீர்ப்பின் பயன் ஒரு நாள்கூட நிலைக்கவில்லை.

சிங்கப்பூரில் 1988 மே மாதம், தடுப்புக் காவலில் இருந்தோருக்காக வாதாட முன்வந்த பிரான்சிஸ் சியோவும் கைதானார். அயல்நாட்டுத் தூதரக அதிகாரியுடன் அவருக்குத் தொடர்பு உண்டு என்பது அரசின் கூற்று. அவர் 72 நாள்கள் தடுத்து வைக்கப்பட்டார். அவ்வாண்டு டிசம்பரில், தடுப்புக்கான காரணங்களை நீதிமன்றம் ஆராயலாம் என மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே அரசமைப்புச் சட்டம் திருத்தப்பட்டு, நடைமுறை பின்பற்றப்பட்டதா என்பதை மட்டும் ஆராயும் அளவிற்கு அவ்வுரிமை சுருக்கப்பட்டது.

முடிவுரை

மலேசியா தன் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தை 2012இல் நீக்கிப் பிறிதொரு சட்டத்தை இயற்றியது. சிங்கப்பூரில் அச்சட்டம் நடைமுறையில் உள்ளது. இவ்வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், கைதானோர் குற்றவாளிகளா அல்லரா என்று தீர்ப்புக் கூற வேண்டியதில்லை. ஆனால் பூ சூ காயின் இரு கைதுகளையும் அருகருகே வைத்து மாணவர்க்குக் காட்டலாம். 1954இல் அவருடைய எழுத்தின்மீது குற்றம் சாட்டப்பட்டது, மூன்று திங்களில் விடுதலை கிடைத்தது. 1963இல் குற்றச்சாட்டே இல்லை, பத்தாண்டுகளுக்குமேல் சிறை நீண்டது. கருத்துரிமையைக் காக்க விழைவோர் முதற்கண் வலியுறுத்த வேண்டியது வெளிப்படையான விசாரணையே என்பது நம் துணிபு.