மனநலமும் உரிமையே: புதுச்சேரியில் உதவி பெறும் வழிகள்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2015ஆம் ஆண்டுக் கணக்கின்படி, தற்கொலை விகிதத்தில் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது புதுச்சேரி: இலட்சம் பேருக்கு 43.2. இந்திய சராசரி 10.6.

தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது சோம்பலன்று, மனச்சோர்வாக இருக்கலாம். விடுதியில் சாதி இழிவுக்கு ஆளான மாணவரிடம் 'மனத்தைத் திடப்படுத்திக்கொள்' என்று நாமே சொல்லிவிடுகிறோம். அது அநீதியை அவரது குணக்குறையாக்குவதாகும். இழிவுசெய்தவரை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நிறுத்த வேண்டும். காயப்பட்டவருக்கு மருத்துவமும் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 18ஆம் பிரிவு, சாதி உள்ளிட்ட பாகுபாடின்றி அரசுச் சேவையில் சிகிச்சை பெறுவதை உரிமையாக்குகிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகவே கருத வேண்டும், தண்டிக்கலாகாது என்கிறது 115ஆம் பிரிவு. ஆகவே, வழக்குக்கு அஞ்சி மருத்துவமனையைத் தவிர்க்க வேண்டியதில்லை.

கோரிமேடு ஜிப்மரில் மனநல மருத்துவத் துறை உண்டு. அரசின் 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் இரவுபகலாகக் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். உயிரை மாய்க்கும் எண்ணம் எழுந்தவரைத் தனியே விடாமல், தோழர் ஒருவர் உடனிருந்து அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்க.